இயக்குநர் அளந்த கோணம்

நாலாம் வகுப்பு டீச்சருக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது கல்வித் துறை இயக்குநருடைய கையெழுத்து. விடுமுறை விட்டால் தற்காலிக ஆசிரியர்களுக்கு வேலை போய்விடும். பள்ளி திறந்தபின், மேலே இருப்பவர்களுக்கு மனசு வந்தால், திரும்பக் கிடைக்கும். இப்படிப் போய்ப் போய் வந்ததிலேயே அவளுக்கு நெற்றியோரம் நரைத்துவிட்டது. ஆகவே கோண வாரத்தை முன்னிட்டு இயக்குநரே அவள் வகுப்புக்கு வரப்போகிறார் என்று தலைமையாசிரியர் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னபோது, அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கோண வாரம் என்றால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு முந்தின மாதம் பெருக்கல் வாரம். அதற்கும் முன்னால் கை கழுவும் வாரம். ஒரு விஷயத்துக்கு வாரம் கொண்டாடிவிட்டால் அந்த விஷயம் முடிந்துவிட்டதாகக் கல்வித் துறையில் ஒரு நம்பிக்கை. கை கழுவும் வாரம் முடிந்த மறுநாள் பள்ளியில் தண்ணீர் நின்றுபோனது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் டீச்சர் கோணத்தை உண்மையாகவே நடத்தியிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடத்தியிருந்தாள். கோணமானியில் இரண்டு வரிசையில் எண்கள் இருக்கும். வெளிவரிசை இடமிருந்து வலமாக ஏறும், உள்வரிசை வலமிருந்து இடமாக ஏறும். பிள்ளைகள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். அவள் அதற்கு இரண்டே வழி வைத்திருந்தாள். "முதல்ல சுழியம் எங்க இருக்குன்னு தேடு. அடிக்கோடு எந்தச் சுழியத்து மேல படுத்திருக்கோ, அங்கேருந்து எண்ணிட்டு வா. அப்புறமும் சந்தேகமா? புத்தகத்தோட மூலையைக் கொண்டுபோய் வை. மூலையைவிட ஒடுக்கமா இருந்தா தொண்ணூறுக்குக் கீழ. அகலமா இருந்தா தொண்ணூறுக்கு மேல. அவ்வளவுதான்."

பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு பள்ளி முழுக்க அலைந்தார்கள். கத்தரிக்கோலை அளந்தார்கள், படிக்கட்டின் கைப்பிடியை அளந்தார்கள், தலைமையாசிரியரின் பாதி திறந்த கதவை அளந்தார்கள். எல்லாரையும்விட அதிகம் அளந்தவள் சுண்டு. வகுப்பிலேயே குட்டிப் பெண், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் டீச்சர் முழங்கையை மடித்து நின்றபோது, அங்கேயே கோணமானியை வைத்து, "எழுபது டிகிரி, டீச்சர். அசையாதீங்க," என்றாள்.

இயக்குநர் வந்தார். அவருக்கு முன்னால் ஆய்வாளர், ஆய்வாளருக்கு முன்னால் ஒரு கேமராக்காரர், எல்லாருக்கும் பின்னால் தட்டில் பிஸ்கட்டோடு தலைமையாசிரியர். கரும்பலகையில் டீச்சர் ஒரு கோணம் வரைந்து வைத்திருந்தாள். வலப்பக்கமாகத் திறந்த குறுங்கோணம், கச்சிதமாக அறுபது. இயக்குநர் மரத்தால் ஆன பெரிய கோணமானியை வாங்கிப் பலகையில் வைத்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார், பிறகு எண்ணைப் பார்த்தார். சிரித்த நேரத்தில் வரிசை மாறிவிட்டது.

"நூத்தி இருபது!" என்று கம்பீரமாகச் சொல்லி, பலகையில் எழுதினார்.

"அறுபதுங்க ஐயா," என்றாள் சுண்டு முதல் பெஞ்சிலிருந்து.

தலைமையாசிரியருக்கு அந்த நொடியில் வந்த இருமலில் மனிதர் உயிரோடு மீண்டது அதிசயம். இயக்குநர் காதில் எதுவும் விழவில்லை. அவர் கேமராவைப் பார்த்து ஒருமுறை கையசைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். ஆனால் ஆய்வாளர் காதில் விழுந்துவிட்டது. ஆய்வாளர்களுக்குக் காது அதற்காகத்தான்.

மாலையில் டீச்சரை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். அவர் மேசையில் வெற்றிலைக் கொடி மாதிரி தொலைபேசி வயர் சுருண்டு கிடந்தது. அதை நீவிவிட்டுக்கொண்டே பேசினார்.

"அந்தக் கோணத்தை நீங்கதானே வரைஞ்சீங்க?"

"ஆமாங்க சார்."

"இயக்குநர் தப்பா அளந்தார்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க சார்."

"நல்லது. நானும் சொல்லலை. அவர் சரியாத்தான் அளந்தார். அவர் அளந்த நேரத்துல கோணம் தப்பா இருந்திருக்கு." ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் எல்லாப் பத்திரிகைக்கும் போயாச்சும்மா. இயக்குநர், பலகை, நூத்தி இருபது, மூணும் தெளிவா விழுந்திருக்கு. ஒரு மனுஷரை மாத்துறது கஷ்டம். ஒரு எண்ணை மாத்துறது சுலபம். நாம சுலபமானதைச் செய்வோம்."

"ஆனா அது அறுபதுதானே, சார்?" என்று அவளையும் மீறி வார்த்தை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். தெரிஞ்சதை எங்க சொல்லக் கூடாதுன்னும் தெரியும், அதனாலதான் இன்னும் இருக்கேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க நிரந்தர ஆணை என் மேசையிலதான் இருக்கு. இயக்குநர் அடுத்த தடவை வரும்போது கையெழுத்து வாங்கலாம்னு இருக்கேன். அந்தச் சின்னப் பொண்ணைக் கொஞ்சம் கவனிங்க."

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். யார் வீட்டுப் பெட்டியின் மூடியையோ மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒரு கோணம்தானே? அவங்க சொல்ற எண்ணைச் சொல்லிட்டுப் போயேன்."

"நீங்க ஃப்ரிட்ஜ் உள்ள சூடா இருக்கறப்போ குளுரா இருக்குன்னு சொல்லுவீங்களா?"

"கையெழுத்து கிடைக்கும்னா குளுருதுன்னு சொல்லிப் போர்வையே போர்த்திக்குவேன்," என்றான் அவன், தலை நிமிராமலே. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் விடுமுறைக்கு விடுமுறை அவன் ஒருவன் கையை வைத்துக் குடும்பம் ஓடியதை நினைத்தபோது கோபம் பாதியில் நின்றுவிட்டது.

முதல் சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாப் பள்ளிகளிலும் வெளிவரிசை எண்களை மட்டுமே படிக்க வேண்டும். உள்வரிசை எண்கள் குழப்பம் விளைவிப்பவை. ஒரு ஊழியர் உப்புத்தாளோடு பள்ளி பள்ளியாக வந்து கோணமானிகளின் உள்வரிசையைத் தேய்த்துவிட்டுப் போனார். பாவம், அவர் மேல் தப்பில்லை. தேய்த்ததில் சில கோணமானிகளில் வெளிவரிசையும் போய்விட்டது. அவை "எளிமைப்படுத்தப்பட்ட கோணமானி" என்று முதல் வகுப்புக்கு அனுப்பப்பட்டன.

அடுத்து, வலப்பக்கம் திறந்த குறுங்கோணங்கள் எல்லாம் விரிகோணமாகப் பதவி உயர்வு பெற்றன. இடப்பக்கம் திறந்தவை குறுங்கோணமாகவே நீடித்தன. தாளைத் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு பள்ளியிலிருந்து கேள்வி வந்தது. தாளைத் திருப்பக் கூடாது என்று பதில் போனது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் முக்கோணத்தில் போய் மாட்டிக்கொண்டார். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்றை நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தார். தாளைத் திருப்பாமல் எந்த மூலையிலிருந்து ஆரம்பித்தாலும் கூட்டுத்தொகை நூற்று எண்பதைத் தாண்டியே வந்தது. மேலிடத்துக்கு எழுதினார். ஒரு குழு அமைத்தார்கள். குழு தேநீர் குடித்தது, ஆராய்ந்தது, குழந்தைகளின் வயதுக்கு முக்கோணம் பாரமானது என்று கண்டுபிடித்தது. முக்கோணம் மேல்வகுப்புக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மேல்வகுப்பிலும் அதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இந்த அமளியில் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அது செங்கோணம். எந்த வரிசையில் படித்தாலும் தொண்ணூறுதான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பலகையெல்லாம் செங்கோணமாக நிறைந்தது. சுவர் செங்கோணம், சன்னல் செங்கோணம், பரீட்சையில் பத்துக் கேள்வியும் செங்கோணம். பொறுக்குமா துறைக்கு? "செங்கோணத்தில் ஒளிந்துகொள்ளும் போக்கு" என்ற தலைப்பில் கண்டன அறிக்கை வந்தது. நிலைப்பாடு எடுக்கத் தயங்கும் ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கெட்ட முன்மாதிரி என்று அதில் இருந்தது.

பிறகு பயிற்சி முகாம் வைத்தார்கள். பெரிய மண்டபம், மடக்கு நாற்காலிகள், காற்று வராத மின்விசிறிகள். டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர் மேடையேறி ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே! ஒரு குழந்தை அறுபதுன்னு சொன்னா அது வெறும் கணக்கு. எல்லாக் குழந்தைங்களும் சேர்ந்து நூத்தி இருபதுன்னு சொன்னா, அதுதான் கல்வி! அளக்கறது பெரிய விஷயமில்லை. கோணத்தைப் பார்த்தா யார் வேணும்னாலும் அளந்துடலாம். யார் அளந்தாங்கன்னு பார்த்து அளக்கணும். அதுக்குத்தான் பயிற்சி."

பின்வரிசையில் ஒரு வயதான ஆசிரியர் கை தூக்கினார். "சார், மணி ரெண்டு அடிக்கும்போது கடிகாரத்து முள்ளு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு? பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?"

"ரெண்டு மணிக்கு வகுப்பு நடக்கணும். கடிகாரம் பார்க்கக் கூடாது," என்றார் ஆய்வாளர். மண்டபம் கைதட்டியது. டீச்சரும் தட்டினாள். தட்டாத கை தனியாகத் தெரியும் என்ற பயம்தான், வேறென்ன?

புதிய பாடப்புத்தகங்கள் வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு மூலையும் வளைவாக வெட்டப்பட்டிருந்தன. புரட்டினாள், திருப்பினாள், இன்னொரு கட்டைப் பிரித்தாள். எல்லாப் புத்தகமும் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.

"பாதுகாப்பும்மா," என்றார் புத்தகம் கொண்டுவந்த ஆய்வாளர். "கூர் மூலை குழந்தைங்களைக் குத்திடும்ல? உங்க வகுப்புலதான் மூலையை எதுலயோ வச்சுப் பார்க்கற பழக்கம் இருக்காமே. இனிமே அந்தத் தொல்லை இல்லை."

எண்ணை மாற்றினார்கள், பொறுத்துக்கொண்டாள். ஒரு பிள்ளை தானாகவே சரிபார்த்துக்கொள்ள இருந்த ஒரே வழியையும் வெட்டிவிட்டார்களே என்று ஆற்றாமையாக இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆணை ஆய்வாளர் மேசையில் இருந்தது. விடுமுறையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுண்டுவைத் தனியாகக் கூப்பிட்டாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவளுடைய பின்னலைச் சரி செய்தாள்.

"கண்ணு, இனிமே யாராவது வந்து கேட்டா நூத்தி இருபதுன்னு சொல்லணும், சரியா?"

"ஏன் டீச்சர்? அது அறுபதுதானே?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"நீங்கதானே சொன்னீங்க, சுழியத்துலேருந்து எண்ணணும்னு?"

"சொன்னேன்." அவள் பின்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "இப்போ சொல்றேன், நூத்தி இருபது. இதுக்கு மேல கேட்காதே."

சுண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க டீச்சர்," என்றாள். அதன்பின் கேட்கவே இல்லை. வகுப்பில் அந்தப் பெண் கேள்வி கேட்காமல் இருந்ததை டீச்சர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கேள்விகள் எல்லாம் மற்றப் பிள்ளைகளிடமும் மெல்ல மெல்ல ஓய்ந்தன. அதிகாரிகளுக்கு ஒழுக்கம் வளர்ந்துவிட்டதாக மகிழ்ச்சி. அவளுக்கோ வகுப்பின் அமைதியில் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. சன்னலுக்கும் பலகைக்கும் நடந்துகொண்டே பாடம் நடத்தினாள்.

விடுமுறைக்குச் சில நாள் இருக்கையில் இயக்குநர் மறுபடி வந்தார். இந்த முறை கேமராக்காரர் இல்லை. முகம் வாடியிருந்தது. ஆய்வாளர் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார், அதற்குள்தான் ஆணை. தலைமையாசிரியரிடம் பிஸ்கட் தட்டு இருந்தது.

இயக்குநர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கோணமானியை எடுத்தார். பழையது, இரண்டு வரிசையும் உள்ளது.

"என் பேத்தியோடது," என்றார். "அவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கறப்பதான் பார்த்தேன். நான் அன்னைக்கு இங்க அளந்தேனே, ஒரு கோணம். அது..." அவர் மென்று முழுங்கினார். "அதைப் போடுங்கம்மா, மறுபடி."

டீச்சர் வரைந்தாள். அதே கோணம், வலப்பக்கம் திறந்தது.

இயக்குநர் இந்தத் தடவை சுழியத்தைத் தேடினார். விரலால் எண்ணிக்கொண்டே போனார். அவர் எண்ணிய விதத்தைப் பார்த்தபோது டீச்சருக்கு அவர்மேல் திடீரென்று பிரியம் வந்தது; நாலாம் வகுப்புப் பிள்ளை எண்ணுகிற மாதிரியே இருந்தது.

"குழந்தைங்களா, இது எவ்வளவு?"

"நூத்தி இருபது!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியது.

"இல்லைப்பா. நல்லாப் பாருங்க. அறுபது."

வகுப்பு சுண்டு பக்கம் திரும்பியது. பிறகு முதல் பெஞ்சிலிருந்து சுண்டு எழுந்தாள். "தப்புங்க ஐயா," என்றாள். பலகைக்குப் போய், மரக் கோணமானியை எட்டிப் பிடித்து, தேய்த்தது போக மிச்சமிருந்த வரிசையில் விரலை வைத்தாள். "இதைத்தான் படிக்கணும். நூத்தி இருபது. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்துல யார் போட்டது?" என்றார் இயக்குநர் திகைத்துப்போய்.

"ஐயா கையெழுத்துலதான் வந்ததுங்க," என்றார் ஆய்வாளர் பணிவாக. "சுற்றறிக்கை எல்லாமே ஐயா கையெழுத்து போட்டதுதான்."

"நீங்க நீட்டினீங்க, நான் போட்டேன். படிச்சா போட்டேன்?"

"அதனாலதான் ஐயா, அதுல தனிப்பட்ட கருத்துக்கு இடமே இல்லாமப் போச்சு. இப்போ அறுபதுன்னு சொல்றது ஐயாவோட தனிப்பட்ட கருத்து. நூத்தி இருபதுன்னு சொல்றது இயக்குநர். நாங்க இயக்குநருக்குத்தான் கட்டுப்பட்டவங்க." ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "அச்சடிச்ச புத்தகம், வெட்டின மூலை, தேய்ச்ச கோணமானி, நடத்தின முகாம். இத்தனையும் ஒரு தப்புக்காகன்னு வெளிய போனா, ஐயாவோட தப்புன்னு போகும். நூத்தி இருபதாவே இருந்துட்டா யாரோட தப்பும் இல்லை."

இயக்குநர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். தலைமையாசிரியர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இயக்குநரின் கண்கள் டீச்சரிடம் வந்து நின்றன. மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை அது.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே வரைஞ்சீங்க. இது எவ்வளவு?"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆய்வாளர் கோப்பைத் திறந்து, ஆணையின் மேல் பேனாவை வைத்தார். அவளுக்கு மூடியை மடியில் வைத்துத் திருகும் கணவன் நினைவுக்கு வந்தான். வரப்போகும் விடுமுறை நினைவுக்கு வந்தது.

"சுற்றறிக்கைப்படி நூத்தி இருபதுங்க ஐயா," என்றாள்.

இயக்குநர் சின்னக் கோணமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிதான். சும்மா சோதிச்சுப் பார்த்தேன்," என்று சிரித்தார். "குழந்தைங்க அசையவே இல்லையே! பிரமாதம்." ஆய்வாளர் கைதட்டினார், தலைமையாசிரியர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். இயக்குநர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போலப் படிக்கவில்லை.

அதிகாரிகள் போனபின் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தாளோ அது மடியில் கிடந்தது. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவமானமாக இருந்தது. அந்த மனிதர் கையை நீட்டினார், அவள் தட்டிவிட்டாள். அதைவிடக் கொடுமை, தன் கையால் ஒரு பிள்ளையின் தலைக்குள் பொய்யை ஏற்றிவிட்டாள், அந்தப் பிள்ளையும் அதை எத்தனை கம்பீரமாக நின்று சொன்னது! இனி வேலை போகாது. இனி உண்மையைச் சொல்லலாம். எழுந்து பலகைக்குப் போனாள்.

"பிள்ளைங்களா, எல்லாரும் இங்க பாருங்க. டீச்சர் உங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். இது நூத்தி இருபது இல்லை. இது அறுபது."

ஒரு பிள்ளைகூட ஆச்சரியப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"தெரியும், டீச்சர்," என்றாள் சுண்டு.

"தெரியுமா? அப்புறம் ஏன் இயக்குநர் ஐயா அறுபதுன்னு சொன்னப்போ தப்புன்னு சொன்னே?"

"நாங்க அறுபதுன்னு ஒத்துக்கிட்டா, நீங்க சொல்லிக் குடுத்துட்டீங்கன்னு நினைச்சுப்பாங்கல்ல? உங்களை அனுப்பிடுவாங்க. லீவு முடிஞ்சு வந்தா வேற டீச்சர் இருப்பாங்க." சுண்டு வாசலை எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க, டீச்சர். ஆய்வாளர் சார் இன்னும் கேட் தாண்டலை."

அவள் பெஞ்சைவிட்டு இறங்கிப் போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். இரண்டு பையன்கள் யாரும் சொல்லாமலே எழுந்து சன்னல்களைச் சாத்தினார்கள். பிறகு வகுப்பு முழுக்கக் கை கட்டி உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

"இப்போ நடத்துங்க, டீச்சர்," என்றாள் சுண்டு.